விதையிலிருந்து சைப்ரஸ்: கோலாலம்பூர் கொண்டோவில் வறட்சி தாங்கும் மரம் வளர்க்க ஒரு வழிகாட்டி

சைப்ரஸ் விதையை முளைக்க வைப்பது பற்றிக் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் குளிர்காலம் உள்ள ஊர்க்காரர்கள் எழுதியவை. விதைத்து வெளியே வைத்துவிடுங்கள், மற்றதைப் பனி பார்த்துக்கொள்ளும் என்பார்கள். கோலாலம்பூர் செராஸில் பன்னிரண்டாவது மாடியில் இருப்பவருக்கு இதனால் என்ன பயன்? விதையை நாட்டுக்குள் கொண்டுவர எந்தத் தாள் வேண்டும், 20 டிகிரி கேட்கும் விதையை 32 டிகிரி ஊரில் எங்கே வைப்பது, நர்சரிக்காரர் தரும் மண்ணை நம்பலாமா என்பதையெல்லாம் நான் தட்டுத்தடுமாறித்தான் தெரிந்துகொண்டேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வறட்சி தாங்கும் மரம் நம்மூரில் ஈரத்தால்தான் சாகும். மத்தியதரைக்கடல் ஓரம் கோடையில் மாதக்கணக்கில் மழை இல்லாமல் நின்று பழகிய மரம் அது. கோலாலம்பூரிலோ ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. கீழே வரும் படிகளில் பாதிக்கு மேல் இந்த ஈரத்தைச் சமாளிக்கத்தான். அதனாலேயே, மேலே கூரை இருந்து வெயில் மட்டும் விழும் கொண்டோ பால்கனி, தரைவீட்டுத் தோட்டத்தைவிட நல்ல இடம். இதைச் சொன்னால் தரைவீட்டுக்காரர்கள் ஒத்துக்கொள்வதில்லை.

1. இனத்தை முடிவு செய்யுங்கள்

புதியவர்களுக்கு இரண்டே இரண்டு இனங்கள் போதும். ஒன்று மத்தியதரைக்கடல் சைப்ரஸ், அறிவியல் பெயர் குப்ரெஸ்ஸஸ் செம்பெர்வைரன்ஸ். இத்தாலிய ஓவியங்களில் பென்சில் மாதிரி நிற்பது இதுதான். இன்னொன்று அரிசோனா சைப்ரஸ், நீலச் சாம்பல் நிற இலை. அரிசோனா வகையில் 'கரோலைனா சஃபையர்' என்ற ரகத்தை அமெரிக்காவின் ஈரப்பதமான தென்கிழக்கு மாநிலங்களிலேயே கிறிஸ்துமஸ் மரமாக வளர்க்கிறார்கள். அதனால் நம் புழுக்கத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும் என்று நம்பலாம். ஆனால் அந்த ரகம் கிளையிலிருந்து பெருக்கப்படுவது. "கரோலைனா சஃபையர் விதை" என்று யாராவது விற்றால், வருவது சாதாரண அரிசோனா நாற்றாகத்தான் இருக்கும்.

பென்சில் வடிவமும் அப்படித்தான். ஒல்லியான மரத்தின் விதையிலிருந்து வரும் நாற்றுகளில் சில ஒல்லியாக வரும், சில கிளை விரித்து வரும். வடிவம் முக்கியம் என்றால் தேவைக்கு மூன்று நான்கு மடங்கு நாற்று வளர்த்துப் பிறகு தேர்ந்தெடுங்கள்.

சகாரா சைப்ரஸைத் தேடிப் போகாதீர்கள். அல்ஜீரியாவின் தஸிலி மலைப்பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 30 மில்லிமீட்டர் மழையில் வாழும் மரம் என்று படித்தால் ஆசை வரத்தான் செய்யும். காட்டில் மிஞ்சியிருப்பவை இருநூற்றுச் சொச்சம் மரங்கள். விதையில் பெரும்பாலானவை முளைக்கும் தன்மை இல்லாதவை. யாராவது மலிவாக விற்றால் அது சகாரா சைப்ரஸாக இருக்க வாய்ப்பில்லை.

2. விதையும் தாள்களும்

இதுதான் பொறுமை தேவைப்படும் படி. அவசரப்படாதீர்கள்.

எளிய வழி, ஏற்கெனவே முறைப்படி இறக்குமதி செய்து மலேசியாவுக்குள்ளேயே விற்பவரிடம் வாங்குவது. வாங்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: முழு அறிவியல் பெயர் என்ன, விதை எந்த ஆண்டு அறுவடை, இறக்குமதி அனுமதியின் நகல் காட்ட முடியுமா. மூன்றாவது கேள்விக்குப் பதிலே வராவிட்டால் விட்டுவிடுங்கள். இணையச் சந்தையில் பளபளக்கும் நீல மரத்தின் படத்தைப் போட்டு ஐந்து ரிங்கிட்டுக்கு நூறு விதை விற்பார்கள். படத்தின் நீலம் கணினியில் ஏற்றியது. விதை என்ன என்பது விற்பவருக்கே தெரியாது.

வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைப்பதானால் இரண்டு தாள் வேண்டும்.

முதல் தாள் இறக்குமதி அனுமதி. இது மாக்கிஸ் சட்டம் 2011-இன் (மலேசியத் தனிமைப்படுத்தல், சோதனைச் சேவைச் சட்டம்) கீழ் வருகிறது. எந்த விதைக்கு என்ன நிபந்தனை என்பதை விவசாய இலாகா வகுக்கிறது. விண்ணப்பம் இ-பெர்மிட் முறையில் இணையத்தில் போகிறது. புத்ராஜெயா 4-ஆவது பிரிசிண்டில் உள்ள விஸ்மா தானியில்தான் விவசாய இலாகாவின் தலைமையகம் இருக்கிறது. கணக்குத் திறப்பதற்கு முன் நேரிலோ தொலைபேசியிலோ கேட்டு, உங்கள் விதைக்கு உள்ள நிபந்தனையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சிறிய அளவு, வீட்டு உபயோகம் என்பதற்காக அனுமதி தேவையில்லை என்று நீங்களாக முடிவு செய்யக்கூடாது. அனுமதியில்லாமல் கொண்டுவந்தால் 100,000 ரிங்கிட் வரை அபராதம், 6 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

இரண்டாவது தாள் ஏற்றுமதி செய்யும் நாட்டின் விவசாயத் துறை கொடுக்கும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ். விற்பவர்கள் சுருக்கமாக 'ஃபைட்டோ' என்பார்கள். இதை விற்பவர்தான் அவர் நாட்டில் வாங்கவேண்டும், பொட்டலம் கிளம்புவதற்கு முன்னாலேயே வாங்கவேண்டும். பிறகு வாங்கி மின்னஞ்சலில் அனுப்புகிறேன் என்பது செல்லாது.

வரிசை முக்கியம். முதலில் இங்கே அனுமதி, அப்புறம் அந்த அனுமதியின் நிபந்தனையை விற்பவருக்கு அனுப்பி அங்கே சான்றிதழ், கடைசியில் பணம். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். பணம் கட்டிய பிறகு "நாங்கள் ஃபைட்டோ தருவதில்லை" என்ற பதில் வந்தால் பணத்தைத் திரும்ப வாங்குவது குதிரைக்கொம்பு. என்னிடம் ஒரு விற்பனையாளர், உறையின் மேல் 'பரிசு' என்று எழுதி அனுப்பிவிடுகிறேன், யாரும் கேட்கமாட்டார்கள் என்றார். வேண்டாம் என்று சொல்லி வேறு ஆளைப் பார்த்தேன். மாட்டினால் பெயரும் முகவரியும் நம்முடையதுதானே.

பெயரில் ஒரு பொறி இருக்கிறது. அரிசோனா சைப்ரஸைத் தாவரவியலாளர்கள் 2009-இல் ஹெஸ்பெரோசைபாரிஸ் என்ற புதிய பேரினத்துக்கு மாற்றினார்கள். எல்லோரும் இதை ஏற்கவில்லை. அதனால் இங்கே அனுமதியில் 'குப்ரெஸ்ஸஸ் அரிசோனிகா' என்றும் அங்கே சான்றிதழில் 'ஹெஸ்பெரோசைபாரிஸ் அரிசோனிகா' என்றும் வர நிறைய வாய்ப்பு உண்டு. சோதனை மேசையில் இருப்பவருக்கு அவை இரண்டு வெவ்வேறு செடிகள். விற்பவர் எந்தப் பெயரைப் பயன்படுத்துகிறார் என்று முன்பே கேட்டு, விண்ணப்பத்தில் அதே எழுத்துகளில் போடுங்கள், இன்னொரு பெயரையும் பக்கத்தில் குறிப்பிட முடியுமா என்று அலுவலகத்தில் கேளுங்கள். மத்தியதரைக்கடல் சைப்ரஸுக்கு இந்தத் தலைவலி இல்லை. முதல் முறை இறக்குமதி செய்பவர்களுக்கு நான் அதையே சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

செலவைப் பொறுத்தவரை விதை மலிவு, சான்றிதழ் விலை அதிகம். ஒரு பொட்டலமோ இருபது பொட்டலமோ சான்றிதழ்க் கட்டணத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. அதனால் ஆர்வமுள்ள இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே சரக்காக வரவழையுங்கள். 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத இணையக் கொள்முதலுக்கு 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரி இருப்பதையும் கணக்கில் வையுங்கள்.

3. காலக்கணக்கு

தாள்களுக்கென்று குறைந்தது இரண்டு மாதம் ஒதுக்குங்கள். விதை கையில் வந்ததிலிருந்து நாற்று வெயிலைப் பார்க்கும் வரை இன்னும் இரண்டரை, மூன்று மாதம்.

நாற்று பால்கனிக்கு வரும்போது மழை குறைவாக இருக்கவேண்டும். பினாங்கில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மழை நன்றாகக் குறைந்திருக்கும். கோலாலம்பூரில் ஜனவரி, பிப்ரவரி ஓரளவு பரவாயில்லை, மார்ச் கடைசியிலிருந்து மாலை இடிமழை தொடங்கிவிடும். ஆகவே நவம்பர் தொடக்கத்தில் விதையைக் குளிர வைக்க ஐஸ்பெட்டியில் (ஃபிரிட்ஜில்) வைப்பது எனக்குத் தெரிந்து சரியான கணக்கு. தவறவிட்டால் ஏப்ரலில் வைத்து ஜூன், ஜூலையைப் பிடிக்கலாம். ஆகஸ்ட், செப்டம்பரில் புகைமூட்டம் வரும் ஆண்டுகளில் வெளிச்சமே குறைந்துவிடும், சின்ன நாற்று நீண்டு வெளிறிப்போகும்.

4. பொருள்கள்

பெர்லைட் அல்லது பியூமிஸ் (இரண்டுமே மண்ணில் தண்ணீர் தேங்காமல் காக்கும் இலேசான கல் துகள்), தேங்காய் நார்த்தூள், எரித்த உமி, ஜிப் பை, மூன்று விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு, ஆழமான சின்னப் பாலிபேக். சுங்கை பூலோ நர்சரி வரிசையில் முதல் மூன்றும் பாலிபேக்கும் ஒரே நடையில் கிடைக்கும், பெராக்சைடு மருந்துக்கடையில். எல்லாம் சேர்த்து எனக்கு ஐம்பது ரிங்கிட்டுக்குள் முடிந்தது. வெளிச்சம் குறைந்த வீடு என்றால் ஒரு எல்இடி விளக்குக்கு இன்னும் கொஞ்சம் ஆகும்.

மூட்டையில் விற்கும் கருப்பு மண் வேண்டாம். நர்சரிக்காரர் அதைத்தான் முதலில் எடுத்து வைப்பார், "எல்லாச் செடிக்கும் இதுதான் அண்ணே" என்பார். கீரைக்கும் செம்பருத்திக்கும் சரி. சைப்ரஸ் நாற்றுக்கு அது சேறு. கோழி எருவும் வேண்டாம்.

கலவை இது: பெர்லைட் அல்லது பியூமிஸ் இரண்டு பங்கு, நார்த்தூள் ஒரு பங்கு, எரித்த உமி ஒரு பங்கு. நார்த்தூளில் உப்பு இருக்கும். தண்ணீர் தெளிவாக ஓடும் வரை நன்றாக அலசிப் பிழிந்து சேருங்கள்.

5. விதையைச் சோதித்தல்

சைப்ரஸ் விதை சின்னது, தட்டையானது, ஓரத்தில் சன்னமான இறகு. மத்தியதரைக்கடல் இனத்தில் ஒரு கிராமுக்கு நூறுக்கு மேல் இருக்கும். அதில் நிறையப் பதர். தண்ணீரில் போட்டு மிதப்பதைக் கொட்டும் பழக்கம் இங்கே உதவாது, நல்ல விதையும் இறகோடு மிதக்கும். பத்து விதையை எடுத்துப் பிளேடால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக, நிறைந்து இருந்தால் உயிர் உண்டு. காலியாகவோ பழுப்புப் பிசினாகவோ இருந்தால் இல்லை. பத்தில் மூன்று நிறைந்திருந்தால் தைரியமாகத் தொடருங்கள், இந்தக் குடும்பத்தில் அது மோசமான விகிதம் இல்லை. பத்தும் காலி என்றால் இப்போதே விற்பவருக்குப் படத்தோடு எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து முளைக்கவில்லை என்று எழுதினால் உங்கள் கைப்பக்குவத்தைக் குறை சொல்வார்கள்.

பிறகு பெராக்சைடில் பத்து நிமிடம் முக்கி எடுத்து, நன்றாகக் கழுவி, சாதாரணத் தண்ணீரில் ஒரு நாள் ஊறவிடுங்கள்.

6. ஐஸ்பெட்டியில் ஒரு மாதம்

நம்மூரில் குளிர்காலம் என்பது ஐஸ்பெட்டிதான். பெர்லைட்டோ வெர்மிகுலைட்டோ சமையலறைத் தாளோ எதையாவது நனைத்து, சொட்டு விழாத அளவுக்குப் பிழிந்து, ஊறிய விதையை அதில் கலந்து ஜிப் பையில் போடுங்கள். உள்ளே கொஞ்சம் காற்று இருக்கட்டும். காய்கறித் தட்டில், 4 டிகிரி அளவில், 30 நாள். அரிசோனா இனத்துக்கு இது அவசியம். மத்தியதரைக்கடல் இனம் இது இல்லாமலும் முளைக்கும், ஆனால் மூன்று வாரம் வைத்து எடுத்தால் ஒரே சமயத்தில் சீராக முளைக்கும்.

உறைபெட்டியில் வைக்கக்கூடாது, ஈர விதை செத்துப்போகும். பையின் மேல் இனத்தின் பெயரும் தேதியும் பெரிதாக எழுதுங்கள், கூடவே 'தூக்கிப் போடாதீர்கள்' என்றும் எழுதுங்கள். ஈரத்தாளில் சுருட்டிய பழுப்புத் தூசியை எந்த அம்மாவும் சும்மா விடமாட்டார்.

வாரம் ஒரு தடவை பார்த்தால் போதும். வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் விதையைக் கழுவி, புதுத் தாளில் மாற்றுங்கள். உள்ளேயே வேர் எட்டிப் பார்த்த விதையை அன்றைக்கே எடுத்து நடவேண்டும்.

7. முளைக்கும் இடம்

பால்கனியில் வைக்காதீர்கள். இந்த விதைகளுக்கு 20 டிகிரி சுற்றுவட்டாரம் பிடிக்கும். பகலில் 32-ஐத் தொடும் இடத்தில் பாதி விதை தூங்கிக்கொண்டே இருக்கும், மீதி அழுகும். இரவில் ஏர்கோன் ஓடும் படுக்கையறை சரியான இடம். இரவு 22, 23 டிகிரி, பகலில் ஏர்கோன் நின்றதும் சற்று ஏறும். இந்த ஏற்ற இறக்கம் விதைக்குக் கெடுதல் இல்லை. இதற்காக நாள் முழுக்க ஏர்கோன் ஓடவிட்டு மின்கட்டணம் கட்டவேண்டாம். காற்று நேராக வீசும் இடத்தில் மட்டும் தட்டை வைக்காதீர்கள், மேல்மண் காய்ந்துவிடும்.

பாலிபேக்கில் கலவையை நிரப்பி, அரை சென்டிமீட்டருக்கு மேற்படாத ஆழத்தில் விதையைப் போட்டு, மேலே மெல்லிய பெர்லைட் தூவுங்கள். இரண்டு முதல் நான்கு வாரத்தில் முளை வரும். சில விதை இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளும், அதனால் காலி பையை உடனே கொட்டாதீர்கள்.

முதலில் வருவது ஊசி ஊசியாக இருக்கும் இலை, கீழே இரண்டு முதல் ஐந்து வித்திலைகள். படத்தில் பார்த்த செதில் இலை எங்கே, தவறான விதையா என்று பலர் பயப்படுகிறார்கள். சைப்ரஸின் பிள்ளைப் பருவ இலையே அதுதான். செதில் இலை பல மாதம் கழித்து வரும். முளை கண்டதும் வெளிச்சம் வேண்டும். சன்னலோரம் போதாவிட்டால் எல்இடி விளக்கை ஒரு சாண் உயரத்தில், நாளுக்கு 14 மணி நேரம் எரியவிடுங்கள்.

8. நாற்றழுகல்

அதிக நாற்றுகள் சாவது இந்தக் கட்டத்தில்தான். காலையில் நின்ற நாற்று மாலையில் மண் மட்டத்தில் நூலாகச் சுருங்கிச் சாய்ந்திருக்கும். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற, பூஞ்சையும் பூஞ்சை மாதிரியுமான நுண்ணுயிர்களின் வேலை. சாய்ந்ததைக் காப்பாற்ற வழியில்லை. அந்தப் பையை அப்படியே அகற்றிவிட்டுப் பக்கத்துப் பைகளைப் பாருங்கள்.

தடுக்க மூன்று வழி. ஒன்று, மேலிருந்து ஊற்றாமல், பையை ஆழமில்லாத தண்ணீரில் பத்து நிமிடம் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விட்டு எடுத்துவிடுங்கள். இரண்டு, சின்ன விசிறியை மெதுவாக ஓடவிடுங்கள், நேரே நாற்றின் மேல் வீசவேண்டாம், அறையில் காற்று நகர்ந்தால் போதும். மூன்று, மேலே பிளாஸ்டிக் மூடி போட்டிருந்தால் முளை கண்ட அன்றே எடுங்கள். கேப்டான் போன்ற பூஞ்சைக்கொல்லியை விவசாயப் பொருள் கடையில் கேட்டு லேபிளில் உள்ள அளவில் தெளிக்கலாம். ஆனால் மருந்தை நம்பித் தண்ணீரைக் கூட்டினால் பலனில்லை. ஒவ்வொரு விதைக்கும் தனிப் பை என்று நான் சொல்வதும் இதற்குத்தான். ஒரே தட்டில் நெருக்கமாக விதைத்தால் ஒரு மூலையில் தொடங்கும் அழுகல் அந்த வாரமே மறுமூலைக்குப் போய்விடும்.

9. வெயிலும் தண்ணீரும்

ஊசி இலை நான்கைந்து அடுக்கு வந்ததும் பால்கனிக்குப் பழக்குங்கள். முதல் வாரம் காலை வெயில் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். கிழக்குப் பால்கனி என்றால் பாதி வேலை முடிந்தது. மேற்குப் பால்கனியில் மூன்று மணி வெயில் கருப்புப் பாலிபேக்கையே சூடேற்றி வேரை வேகவைத்துவிடும். அங்கே வெள்ளைச் சட்டியோ மண்சட்டியோ வையுங்கள்.

தண்ணீர் ஊற்றினால் அடியில் வழியும்வரை ஊற்றுங்கள். அடுத்த முறை பை இலேசாகும்வரை காத்திருங்கள். நனைந்த பையின் எடையும் காய்ந்த பையின் எடையும் சில நாளில் கைக்குப் பழகிவிடும். கிழமை வைத்து ஊற்றாதீர்கள், மழை வாரத்தில் ஈரக்காற்றில் மண் காயவே காயாது. 'வறட்சி தாங்கும்' என்ற சொல்லை நம்பி நாற்றை முழுக்கக் காயவிடுவதும் ஆகாது. வேர் ஆழமாகப் போன மரத்துக்குத்தான் அந்தக் குணம். முதல் ஆண்டு அது சாதாரண நாற்றுதான். நன்றாக வேரூன்றிய பிறகு, நீங்கள் ஒரு வாரம் ஊருக்குப் போய்வந்தாலும் தண்ணீர்த் தடை வந்தாலும் தாங்கும்.

சட்டிக்கு அடியில் தட்டு வைக்கவேண்டாம். தேங்கும் தண்ணீர் வேரை அழுக வைக்கும், ஏடிஸ் கொசுவும் வளர்க்கும். சுகாதார அதிகாரிகள் கொண்டோவுக்குச் சோதனைக்கு வரும்போது முதலில் குனிந்து பார்ப்பது பூச்சட்டித் தட்டைத்தான், கொசுப்புழு இருந்தால் அபராதம் உண்டு.

கூரையுள்ள பால்கனியில் செஞ்சிலந்திப் பேன் வரும். இலை மங்கி, தூசு படிந்த மாதிரி தெரிந்தால் கிளையின் கீழே வெள்ளைத் தாளை வைத்துத் தட்டுங்கள். புள்ளிகள் நகர்ந்தால் அதுதான். காலையில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, மாலைக்குள் இலை காய்ந்துவிடும்படி பார்த்துக்கொள்ளுங்கள். உரம் மெதுவாகக் கரையும் வகையில் சிட்டிகை போதும். பைன் மரத்துக்கான வேர்ப்பூஞ்சைத் தூளை (வேரோடு கூட்டாக வாழ்ந்து மரத்துக்கு உதவும் பூஞ்சை) விலை கொடுத்து வாங்காதீர்கள். சைப்ரஸ் கூட்டுச் சேர்வது வேறு வகைப் பூஞ்சையோடு.

10. தொட்டி மாற்றுதலும் கொண்டோ நிர்வாகமும்

அடி ஓட்டையில் வேர் தெரிந்ததும் ஆழமான சட்டிக்கு மாற்றுங்கள். வேரைக் கலைக்காமல், மண்கட்டியோடு எடுத்து வையுங்கள். பெரிய தொட்டி வாங்குவதற்கு முன் உங்கள் கொண்டோவின் வீட்டு விதிமுறைகளை நிர்வாக அலுவலகத்தில் கேட்டு வாங்கிப் படியுங்கள். பால்கனிச் சுவரின் மேல் சட்டி வைப்பது, கீழ்வீட்டில் தண்ணீர் சொட்டுவது, தொட்டியின் எடை, இந்த மூன்றிலும்தான் புகார் வரும். பெரிய தொட்டிக்கு அனுமதியை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், நிர்வாகக் குழு மாறினால் வாய்ச்சொல் நிற்காது. கீழே பொதுத் தோட்டத்தில் நட ஆசைப்பட்டாலும் அந்த நிலம் உங்களுடையது இல்லை, அதே அலுவலகத்தில்தான் கேட்கவேண்டும்.

தரைவீட்டில் மண்ணில் நடுபவர்கள், குழிக்குள் நடாமல் முழங்கால் உயர மேடு கட்டி அதன் மேல் நடுங்கள். நம் களிமண்ணில் குழி வெட்டினால் முதல் பெருமழையில் அது கிணறாகிவிடும். மேட்டில் கரடு மணலும் சின்னக் கல்லும் நிறையச் சேருங்கள். வீட்டுக்கு வெளியே, சாலையோரப் புல்தரை நகராண்மையின் இடம், அங்கே நடுமுன் கோலாலம்பூரில் மாநகர் மன்றமான டிபிகேஎல்லிடமும் பினாங்குத் தீவில் அதன் மாநகர் மன்றமான எம்பிபிபியிடமும் கேளுங்கள்.

11. மிஞ்சிய கன்றுகள்

முப்பது நாற்று தேறினால் பால்கனியில் இடம் இருக்காது. கேமரன் மலையில் உறவினர் இருந்தால் பாதியை அங்கே அனுப்புங்கள், அந்தக் குளிர்ச்சியில் அவை நம்முடையதைவிட வேகமாகத் தேறும். அங்கேயும் மழைக்கூரையின் கீழ் வைக்கச் சொல்லுங்கள். தீபகற்பத்துக்குள் வீட்டுக்கு வீடு கொடுப்பதற்குப் பெரிய சிக்கல் இல்லை. சபா, சரவாக்குக்கு விமானத்தில் எடுத்துப்போவதானால் கதை வேறு. அந்த இரண்டு மாநிலங்களுக்கும் தாவரம் கொண்டுபோகத் தனி விதிகள் இருக்கின்றன, பயணச்சீட்டு எடுக்குமுன் அந்தந்த மாநில விவசாய இலாகாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விதை வந்தபோது வாங்கிய அனுமதியையும் சான்றிதழையும் கோப்பில் போட்டு வைத்திருந்தால், கன்று எங்கிருந்து வந்தது என்று கேட்கும்போது காட்ட உதவும்.